யூஸ் என்னன்னு கேட்குறதுக்கு முன்னாடி

2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1

இந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்க. 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வர்ற விடையிலிருந்து ஒன்றைக் கழிச்சா கிடைக்கிற எண் இது. 2024 அக்டோபரில் இது பகா எண் என்று உறுதியானது. இதை எழுதுற இன்னைக்கு வரைக்கும் மனுஷங்களுக்குத் தெரிந்த பகா எண்களில் இதுதான் பெரியது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். ஒரு பக்கத்துக்கு 4000 இலக்கம்னு நெருக்கி அடிச்சாலும் பத்தாயிரம் பக்கத்தைத் தாண்டும். நாலு வருஷமும் நாம எழுதுற ரெக்கார்டு நோட்டு எல்லாத்தையும் அடுக்கினாலும் பத்தாது.

இதை எங்க சொன்னாலும் உடனே வர்ற கேள்வி ஒன்னுதான்: "சரி, இதனால என்ன யூஸ்?"

அதுக்கு வழக்கமா வர்ற பதிலும் ஒன்னுதான்: "கிரிப்டோகிராபி. பகா எண் எவ்வளவு பெருசோ, நம்ம பேங்க் அக்கவுண்ட் அவ்வளவு சேஃப்."

அந்தப் பதில் தப்பு. அந்தக் கேள்வி தப்பில்லை, ஆனா அது ரெண்டாவதாக் கேட்க வேண்டிய கேள்வி. முதல்ல கேட்க வேண்டியது வேற. அதைக் கேட்காம விடுறது கணக்குப் பாடத்தை மட்டும் பாதிக்கிற விஷயம் இல்லை, இன்ஜினியரிங் படிக்கிற நம்மளோட வேலையையே பாதிக்கும்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

முதல்ல எண்ணோட கொஞ்சம் பழகுவோம்

இவ்வளவு பெரிய எண்ணைப் பத்தி நம்மால எதுவும் சொல்ல முடியாதுன்னு தோணும். ஆனா பையில இருக்குற எஃப்எக்ஸ் 991 கால்குலேட்டரே போதும். லாக் 2-ஐ 136279841-ஆல் பெருக்குங்க. 41024319.9-னு ஏதோ வரும். தசமத்தை விட்டுட்டு ஒன்றைக் கூட்டினா 4,10,24,320. எத்தனை இலக்கம்னு கண்டுபிடிச்சாச்சு.

கடைசி இலக்கம் என்ன? இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6, மறுபடி 2, 4, 8, 6 என்றுதான் முடியும். 136279841-ஐ நாலால் வகுத்தால் மீதி 1. அதனால இரண்டின் அந்த அடுக்கு 2-ல் முடியும். ஒன்றைக் கழிச்சா, நம்ம எண் 1-ல் முடியும். நாலு கோடி இலக்கத்தில் ஒன்னைக் கூட எழுதாமலே கடைசி இலக்கத்தைச் சொல்லிட்டோம்.

பைனரியில் எழுதினால் இது இன்னும் அழகு. வெறும் ஒன்றுகள் மட்டும்தான், 13.6 கோடி ஒன்றுகள் வரிசையா. நடுவில் ஒரு சைபர் கூடக் கிடையாது. அப்படியே சேமிச்சா சுமார் 17 எம்பி.

இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பேர். மாரன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சுத் துறவி. இந்த வகையில் நமக்குத் தெரிஞ்சது இதுவரை 52 மட்டும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் முடிவும் பகு எண்தான். அதனால அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆகணும். ஆனா அது மட்டும் போதாது. 11 ஒரு பகா எண். 2¹¹ − 1 = 2047. அது 23 × 89. அங்கேயே நம்ம எளிய விதி உடைஞ்சுபோச்சு.

பேங்க் அக்கவுண்ட் கதை

இப்போ அந்த வழக்கமான பதிலுக்கு வருவோம். சிஎன்எஸ் பேப்பரில் ஆர்எஸ்ஏ படிச்சவங்களுக்கு இது உடனே புரியணும். ஆர்எஸ்ஏ-2048-ல் இரண்டு பகா எண்கள் வேணும். ஒவ்வொன்றும் 1024 பிட், அதாவது சுமார் 308 இலக்கம். முக்கியமான விஷயம், அந்த ரெண்டும் ரகசியமா இருக்கணும். உலகத்துக்கே தெரிஞ்ச, விக்கிப்பீடியாவில் தனிப் பக்கம் இருக்குற ஒரு எண்ணை ரகசியச் சாவியா வச்சுக்கிறது, வீட்டுச் சாவியை வாசல்ல ஆணி அடிச்சு மாட்டி வைக்கிற மாதிரி.

அதுவும் போக, 308 இலக்கப் பகா எண்களுக்குப் பஞ்சமே கிடையாது. அந்த அளவில் ஏறக்குறைய 710 எண்களுக்கு ஒன்று பகா எண். ஒற்றைப்படை எண்களை மட்டும் பார்த்தால் 355-க்கு ஒன்று. உங்க லேப்டாப் கண் இமைக்கிற நேரத்தில் புதுசா ஒன்னைத் தேடி எடுத்துடும். நாலு கோடி இலக்க எண்ணை வச்சு ஒரு பேங்க் வெப்சைட்டைத் திறந்தா, லாகின் பக்கம் வர்றதுக்குள்ள நீங்க டிகிரி வாங்கிடுவீங்க.

ஆக, உலகத்தின் மிகப்பெரிய பகா எண் நம்ம பணத்தைக் காப்பாத்தலை.

அப்போ இந்த வடிவத்தால் எதுவுமே இல்லையா?

இருக்கு. ஆனா பயன் அளவில் இல்லை, வடிவத்தில். அதுக்கு ஒரு சின்னக் கணக்கு. 4567-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்கவே வேண்டாம். இரண்டு இரண்டு இலக்கமா வெட்டிக் கூட்டுங்க. 45 + 67 = 112. மறுபடி வெட்டுங்க. 1 + 12 = 13. அதுதான் மீதி. 99 என்பது 100-க்கு ஒன்று குறைவு என்பதால் இந்த வித்தை வேலை செய்யுது. பைனரியில் இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்ணுக்கும் இதே வித்தைதான். வகுத்தலே இல்லாம, பிட்டுகளை வெட்டி ஒன்னு மேல ஒன்னு வச்சுக் கூட்டினா மீதி வந்துடும். ஹார்டுவேர் டிசைன் படிக்கிறவங்களுக்குத் தெரியும், ஒரு டிவைடரைத் தவிர்க்கிறது எவ்வளவு பெரிய லாபம்னு.

1952-ல் ரஃபேல் ராபின்சன் என்ற கணிதவியலாளர், அமெரிக்காவின் ஸ்வாக் கம்ப்யூட்டரில் 2⁵²¹ − 1 பகா எண் என்று காட்டினார். 157 இலக்கம். அன்னைக்கு அதனால ஒரு யூஸும் இல்லை. பல பத்தாண்டுகள் கழிச்சு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் பி-521 என்ற எலிப்டிக் கர்வை வெளியிட்டப்போ, அதுக்கு அடித்தளமா எடுத்துக்கிட்டது இதே எண்ணைத்தான். இங்க பகா எண் ரகசியம் இல்லை, எல்லாருக்கும் தெரிஞ்ச மேடை. ரகசியம் அந்த மேடை மேல நடக்குறது.

1971-ல் பிரையன்ட் டக்கர்மேன் 2¹⁹⁹³⁷ − 1 பகா எண் என்று கண்டுபிடித்தார். 6002 இலக்கம். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிச்சு ஜப்பானில் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் அதை வச்சு ஒரு ரேண்டம் எண் உருவாக்கியைச் செய்தாங்க. பேரு மெர்சென் ட்விஸ்டர். பைத்தானில் 'ரேண்டம்' மாட்யூலை இம்போர்ட் பண்ணும்போது உள்ள ஓடுறது அதுதான். முதல் வருஷத்தில் பகடை உருட்டுற ப்ரோகிராம் எழுதினீங்களே, அன்னைக்கே நீங்க ஒரு மெர்சென் பகா எண்ணைப் பயன்படுத்தியாச்சு.

அப்புறம் 2²⁵⁵ − 19. இது மெர்சென் எண் இல்லை, ஆனா இரண்டின் அடுக்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கு. 77 இலக்கம். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன்னோட எலிப்டிக் கர்வுக்கு இதைத் தேர்ந்தெடுத்ததுக்கு முக்கியக் காரணமே அந்த வெட்டிக் கூட்டுற வேகம்தான். வாட்ஸப் மெசேஜ் பூட்டப்படுவதில் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. நம்ம பாக்கெட்டில் இருக்குற பகா எண் இதுதான்.

"பாத்தியா, யூஸ் இல்லாதது ஒருநாள் யூஸ் ஆகும்"னு இங்கேயே கட்டுரையை முடிச்சிடலாம். ஆனா அது நேர்மையா இருக்காது. 52-ல் இப்படி வேலைக்கு வந்தவை கொஞ்சம்தான். 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னைக்காவது ஒரு ஆப்புக்குள்ள போகும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். போகாமலே இருக்கலாம். என் வாதம் அதை நம்பி நிக்கலை.

முதல் கேள்வி

நான் முதல்ல கேட்கச் சொல்ற கேள்வி இது: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாலு கோடி இலக்க எண். இதுக்குக் காரணியே இல்லைன்னு ஒருத்தர் சொல்றார். எப்படி நம்புறது? 2, 3, 5, 7-னு ஒவ்வொன்றா வகுத்துப் பார்க்கவே முடியாது. பிரபஞ்சத்தின் ஆயுசு பத்தாது.

மெர்சென் 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரைக்குமான அடுக்குகளில் எவையெல்லாம் பகா எண் தரும்னு. அதில் 67-உம் 257-உம் இருந்தது, ரெண்டும் தப்பு. 61, 89, 107 விடுபட்டுப்போச்சு. பெரிய மனுஷன் சொன்னார்னு பட்டியல் நின்னுச்சு. முழுசாச் சரிபார்த்து முடிக்க 1947 ஆச்சு. ஏறக்குறைய முந்நூறு வருஷம்.

1876-ல் எடுவார்ட் லூக்கா, 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று காட்டினார். ஆனா அதன் காரணிகள் என்னன்னு அவருக்கும் தெரியாது. 1903-ல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் கரும்பலகைக்குப் போய், ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐக் கணக்குப் போட்டு, இன்னொரு பக்கம் 193707721 × 761838257287-ஐப் பெருக்கி, ரெண்டும் 147573952589676412927 என்று ஒத்துப்போறதைக் காட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்தார்னு ஒரு கதை உண்டு. பேசினாரோ இல்லையோ, அந்தப் பெருக்கல் இன்னைக்கும் நிக்குது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

லூக்காவின் முறையை லேமர் பின்னால் செம்மைப்படுத்தினார். அதுதான் லூக்கா–லேமர் சோதனை. 4-ல் தொடங்குங்க. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிங்க. சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோங்க. இதையே அடுக்கை விட இரண்டு குறைவான தடவை திரும்பச் செய்யுங்க. கடைசியில் சைபர் வந்தா பகா எண். வரலைன்னா இல்லை.

2⁵ − 1 = 31-க்குப் போட்டுப் பார்ப்போம். அடுக்கு 5, அதனால மூணு தடவை. 4-இலிருந்து 14. 14-இலிருந்து 194, 31-ஆல் வகுத்தா மீதி 8. 8-இலிருந்து 62, மீதி 0. ஆக, 31 பகா எண். அதே சோதனையை 2047-க்குப் போட்டா ஒன்பதாவது தடவை 1736 வரும். சைபர் இல்லை. 23-ஐயும் 89-ஐயும் பார்க்காமலே 2047 பகு எண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு.

நாலு கோடி இலக்க எண்ணுக்கும் சோதனை இதேதான். ஆனா 13.6 கோடி தடவை வர்க்கம் எடுக்கணும், ஒவ்வொரு தடவையும் 13.6 கோடி பிட் எண்ணை. பள்ளிக்கூட முறையில் பெருக்கினா முடியவே முடியாது. அதனால எஃப்எஃப்டி. ஆமாம், டிஎஸ்பி பேப்பரில் 8-பாயின்ட் பட்டர்ஃப்ளை வரைஞ்சு மார்க் வாங்குறோமே, அதே எஃப்எஃப்டிதான் பெரிய எண்களைப் பெருக்குறதுக்கும். ஆனா ஃப்ளோட்டிங் பாயின்ட்டில் ஓடும்போது ரவுண்டிங் பிழை வரும். ஹார்டுவேர் ஒரு பிட்டை மாத்திடலாம். 13.6 கோடி படிகளில் எங்கயோ ஒரு பிட் தப்பினாலும் கடைசி விடை குப்பை.

அதனால என்ன செஞ்சாங்க தெரியுமா? 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மேன் தொடங்கின ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வத் திட்டத்தில்தான் இந்தத் தேடல் நடக்குது. அதில் சேர்ந்திருந்த லூக் டுரான்ட் என்பவர் பல நாடுகளில் இருக்குற கிளவுட் ஜிபியுக்களை ஓட்டினார். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி டப்ளினில் இருந்த ஒரு ஜிபியு "இது அநேகமா பகா எண்"ணுன்னு சொன்னது. மறுநாள் டெக்சாஸில் இருந்த வேறொரு ஜிபியு லூக்கா–லேமர் சோதனையை முடிச்சு உறுதிப்படுத்தியது. அதோடயும் விடலை. வேற வேற ஹார்டுவேரில், வேற வேற சாஃப்ட்வேரில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் 21-ஆம் தேதி அறிவிச்சாங்க. பத்து நாள், கையில் உலக சாதனையை வச்சுக்கிட்டு, "நாம தப்பா இருக்கலாமோ"ன்னு சோதிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

இந்தப் பழக்கத்தின் பலனை இசிஇ மக்கள் கேட்கணும். 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர், இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கிட்டு இருந்தார். விடை ஒத்துப்போகலை. தன் ப்ரோகிராமைச் சந்தேகப்பட்டார், கம்பைலரைச் சந்தேகப்பட்டார், மதர்போர்டைச் சந்தேகப்பட்டார். ஒவ்வொன்றா விலக்கினதும் மிஞ்சினது பென்டியம் சிப். அதன் வகுத்தல் சர்க்யூட்டே தப்பு. இன்டெலுக்கு 47.5 கோடி டாலர் செலவு வச்ச அந்தப் பிழை, யாருக்கும் யூஸ் இல்லாத ஒரு பகா எண் கணக்கிலிருந்துதான் வெளியே வந்தது.

நம்ம கதைக்கு வருவோம்

இப்போ நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவை நினைச்சுப் பாருங்க. "சார், அக்யூரசி 98 சதவீதம்." ஸ்லைடில் ஒரு ஸ்க்ரீன்ஷாட். எந்த டேட்டாவில் 98? ட்ரெயின் பண்ணின டேட்டாவிலேயே டெஸ்ட் பண்ணினதா? வேற மெஷினில் ஓட்டினா வருமா? யாரும் கேட்குறதில்லை. கேட்குற கேள்வி, "இதுக்கு ரியல் டைம் அப்ளிகேஷன் என்ன?" அதுக்கு "ஹெல்த்கேர், அக்ரிகல்ச்சர், ஸ்மார்ட் சிட்டி"ன்னு ஒரு பதில் எல்லா டீமிடமும் ரெடியா இருக்கு. யூஸ் என்ன என்ற கேள்விக்குப் பொய் சொல்றது ரொம்பச் சுலபம். எப்படித் தெரியும் என்ற கேள்விக்குப் பொய் சொன்னா சீக்கிரம் மாட்டிக்குவோம். அதனாலதான் அதை யாரும் கேட்கக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிறோம்.

லேபில் ரீடிங் சரியா வரலைன்னா சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக்கிறோம். மெர்சென் பட்டியலை முந்நூறு வருஷம் நம்பினவங்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கு?

"ப்ளேஸ்மென்ட்டில் இதையெல்லாம் யார் கேட்பா?" நியாயமான கேள்வி. லூக்கா–லேமர் சோதனையை ஒரு எச்ஆரும் கேட்க மாட்டாங்க. ஆனா வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்தில் ஒருத்தர் உங்க கோடைப் பார்த்து, "இது சரின்னு எப்படிச் சொல்ற?"ன்னு நிச்சயம் கேட்பார். அன்னைக்கு "ரன் ஆச்சு" என்பது பதில் ஆகாது. பாலமோ பிரேக்கோ இன்சுலின் பம்ப்போ நம்ம கையில் வர்றப்போ, அந்தக் கேள்வியை நாமளே நம்மகிட்ட கேட்கலைன்னா, அதுக்கான விலையை வேற யாரோ கொடுப்பாங்க.

"இவ்வளவு ஜிபியு, இவ்வளவு கரன்ட், ஒரு எண்ணுக்காகவா?"ன்னு கேட்டா, அதில் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கிறேன். எல்லாரும் டேட்டா சென்டரை வாடகைக்கு எடுத்துப் பகா எண் தேடணும்னு நான் சொல்ல வரலை. நமக்குத் தேவை அந்த எண் இல்லை. அதைச் சுத்தி இருக்குற பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஜிபியுவும் தேவையில்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா இல்லையான்னு, உறுதியாவும் வேகமாவும் (தியரி பாஷையில் பாலினாமியல் டைமில்) சொல்ல முடியுமா என்பது ரொம்ப காலமாத் திறந்தே கிடந்த கேள்வி. 2002 ஆகஸ்டில் முடியும்னு நிரூபிச்சவங்க கான்பூர் ஐஐடியில் மூணு பேர்: பேராசிரியர் மணீந்திர அகர்வால், அப்போதான் பி.டெக் முடிச்சிருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா. அந்த ரெண்டு பேரின் பி.டெக் ப்ராஜெக்ட்டிலிருந்து வளர்ந்த வேலை அது. ஆமாம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். 2006-ல் கோடல் பரிசு கிடைச்சது. நடைமுறையில் பெரிய எண்களுக்கு அந்த முறையை யாரும் ஓட்டுறதில்லை, மற்ற சோதனைகள் அதை விட வேகம். "ரியல் டைம் அப்ளிகேஷன் என்ன?"ன்னு நம்ம ரிவ்யூ பேனல் கேட்டிருந்தா, முதல் ரிவ்யூவிலேயே டைட்டிலை மாத்தச் சொல்லியிருப்பாங்க.

கடைசியா, ரெண்டு வேலை சொல்றேன்.

ஒன்னு, இன்னைக்கு ராத்திரி பைத்தானில் லூக்கா–லேமர் சோதனையை எழுதுங்க. பத்து வரி கூட வராது. 31, 61, 89, 107, 127-னு அடுக்குகளைக் கொடுங்க. அப்புறம் மெர்சென் தப்பு விட்ட 67-ஐக் கொடுங்க. உங்க ப்ரோகிராம் அவரைத் திருத்துதான்னு பாருங்க. 521 உடனே வந்துடும். 19937-க்குக் கொஞ்சம் காத்திருக்கணும்.

ரெண்டாவது, அடுத்த ரிவ்யூவில் உங்க டீம்மேட் ஒரு எண்ணைச் சொல்லும்போது, ரிவ்யூவுக்கு முந்தின நாளே, ஃப்ரெண்டா, மெதுவாக் கேளுங்க: "டேய், இது எப்படித் தெரியும்?" பதில் இல்லைன்னா ரெண்டு பேரும் உட்கார்ந்து வேற ஒரு லேப்டாப்பில் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. 98 என்பது 81-ஆ மாறினா மாறட்டும். அந்த 81-ஐ யார் கேட்டாலும் நீங்க நின்னு பேசலாம்.